அடக்கமா, அச்சமா?

தமிழில் இன்றைக்கு மிகவும் மலிந்துபோன சொல் எது என்று யாராவது என்னைக் கேட்டால், யோசிக்காமல் 'அடக்கம்' என்று சொல்வேன். கல்யாணத் தரகர், பெண் ரொம்ப அடக்கம் என்கிறார். தலைமையாசிரியர், பையன் அடக்கமானவன் என்று சான்றிதழ் எழுதித் தருகிறார். பாராட்டுக் கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் தம்மைப் பற்றியே பேசிவிட்டு உட்காரும் பிரமுகரை, நன்றி கூற வந்தவர் 'அடக்கமே உருவானவர்' என்கிறார். ஜவுளிக் கடைக்காரர் அடக்க விலைக்கே தருவதாகச் சத்தியம் செய்கிறார். கடைசியில் உயிர் போனதும் மனிதனையே அடக்கம் செய்துவிடுகிறார்கள். பாவம், ஒரே ஒரு சொல் இத்தனை பேருக்கும் ஊழியம் செய்ய வேண்டியிருக்கிறது!

கடைசியாகச் சொன்ன அடக்கத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. அது எல்லாருக்கும் ஒரு நாள் உண்டு. உயிரோடு இருக்கிறவர்களை, முக்கியமாக இளம் பெண்களை, அடக்கம் செய்கிறோமே, அதைப் பற்றித்தான் புகார். பயத்துக்கும், கூச்சத்துக்கும், நாலு பேர் நடுவில் நா எழாத திகைப்புக்கும் 'அடக்கம்' என்று புண்ணியப் பெயர் சூட்டிவிட்டோம். நோய்க்கு அழகின் பெயரை வைத்துவிட்டால் வைத்தியரிடம் யார் போவார்கள்? பயந்தவள் பயந்தபடியே இருந்துவிடலாம். அதற்காக அவளை ஊரே மெச்சும்.

புதுச்சேரியிலிருந்து கடலூருக்குப் போகிற சாலையில் கிருமாம்பாக்கம் என்று ஓர் ஊர். பாகூர் கொம்யூனைச் சேர்ந்தது. பாகூர் ஏரித் தண்ணீரில் விளைகிற அந்த வட்டாரத்தைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். இப்போது அந்தச் சாலையிலேயே பொறியியல் கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. சேற்றில் இறங்கி நாற்று நட்ட பாட்டிமாரின் பேத்திகள், கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்குகிறார்கள். பார்க்கப் பெருமையாகத்தான் இருக்கிறது.

அந்தப் பெண்களில் ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பெயர் வேண்டாம், பெயர் வைத்தால் கதையாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். கேட்ட கேள்விக்கு அவள் பதில் சொல்லவில்லை, தலையையும் நிமிர்த்தவில்லை. "பொண்ணு ரொம்ப அடக்கமுங்க, ஏறெடுத்துக்கூடப் பார்க்கல" என்று பையனைப் பெற்றவள் பூரித்துப்போகிறாள். செவ்வாய்க்கிழமை கல்லூரிக்குக் கம்பெனிக்காரர்கள் இன்டர்வியூவுக்கு வருகிறார்கள். மறுபடியும் அதே குனிந்த தலை, அதே மௌனம். "கான்ஃபிடன்ஸ் போதாது" என்று தாளில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுகிறார் அதிகாரி. இடையில் இருந்தது ஒரே ஒரு திங்கட்கிழமை. அந்த ஒரு நாளில் அவள் கொஞ்சங்கூட மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை லட்சணமாக இருந்தது செவ்வாய்க்கிழமை குறையாகிவிட்டது.

இருவரில் யார் சொன்னது சரி? இருவர் சொன்னதும் தப்பு என்பது என் கட்சி. அவளுடைய மௌனத்துக்குள் இருப்பது எது என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை. கைவசம் இருந்த ஒரு சொல்லை எடுத்து ஒட்டினார்கள், வேலை முடிந்தது.

இந்த விஷயத்தில் ஆங்கிலேயன் கொஞ்சம் கவனமாகத்தான் இருந்திருக்கிறான். 'ஷை', 'டிமிட்', 'டிஃபிடென்ட்', 'ரிசர்வ்ட்', 'மாடஸ்ட்', 'ஹம்பிள்', 'மீக்', 'காய்' என்று எட்டுப் பெயர் வைத்திருக்கிறான். நம் பிள்ளைகள் இவற்றையெல்லாம் ஒரே பொருளுள்ள சொற்கள் என்று மனப்பாடம் செய்து, பரீட்சையில் மதிப்பெண் வாங்கி, மறந்தும் விடுகிறார்கள். உண்மையில் இவற்றில் எந்த இரண்டும் ஒன்றல்ல.

'ஷை' என்பது கூச்சம். பழக்கமில்லாத நிழலைக் கண்டு குதிரை மிரள்வதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். புதிய முகம் பழகிவிட்டால் மிரட்சி போய்விடும். 'டிமிட்' என்பது அச்சம். பயப்படுவதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. முகம் பழகினாலும் இது போகாது. அடித்த கை ஓய்ந்தால்தான் போகும். 'டிஃபிடென்ட்' இன்னும் நுட்பமானது. தன்மேல் தனக்கே நம்பிக்கை இல்லாமை அது. விடை தெரியும், ஆனால் தனக்குத் தெரிந்த விடை சரியாக இருக்குமா என்ற சந்தேகம் தொண்டையை அடைக்கும். நம் கிராமத்துக் கல்லூரிப் பெண்களில் பலருக்கு உள்ளது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

'ரிசர்வ்ட்' முற்றிலும் வேறு. ரயிலில் ரிசர்வ் செய்த இடம் என்கிறோமே, அந்தச் சொல்தான். பேச்சும் மனமும் உள்ளே இருக்கின்றன. உரியவர்களுக்காக ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. இப்படிப்பட்டவனுக்குப் பயமும் கிடையாது, சந்தேகமும் கிடையாது. 'மாடஸ்ட்' என்ற சொல்லுக்கு வேர், அளவு என்ற பொருளுடைய லத்தீன் சொல். தன் உயரத்தைச் சரியாக அளந்து வைத்திருக்கிறவன் மாடஸ்ட். ஓர் அங்குலம் கூட்டியும் சொல்லமாட்டான், குறைத்தும் சொல்லமாட்டான். நாம் அடக்கம் என்று சொல்லவேண்டியது இதைத்தான். 'ஹம்பிள்' என்பதன் வேர் மண். அது பணிவு, தன்னைவிடப் பெரியது ஒன்று உண்டு என்று அறிந்து குனிவது. 'மீக்' என்பதைத் தமிழ் பைபிள் சாந்தகுணம் என்று மொழிபெயர்த்திருக்கிறது. பூமியில் மிகவும் சாந்தகுணமுள்ளவர் என்று அந்த நூல் யாரைச் சொல்கிறது தெரியுமா? எகிப்தின் அரசனுக்கு எதிரே நின்று தம் மக்களை விடுவிக்கச் சொன்ன மோசேயை! சாந்தம் கோழைகளுக்கு உரியது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

'காய்' என்பதற்கு நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது: பிகு பண்ணுவது. ஆசை உள்ளே துள்ளும். வெளியே 'வேண்டாம், வேண்டாம்' என்று நெளியும். பெண்களுக்கு மட்டும் உரியது அல்ல இது. பதவி தேடிவரும்போது அரசியல்வாதிகள் பண்ணுகிற பிகுவுக்கு முன்னால் எந்தப் புது மணப்பெண்ணும் நிற்க முடியாது.

இத்தனை நுணுக்கம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பெயர் மாறினால் மருந்து மாறும், அதற்குத்தான். கூச்சத்துக்குப் பழக்கம் மருந்து. அச்சத்துக்குப் பாதுகாப்பு மருந்து. தன்னம்பிக்கைக் குறைவுக்குப் பயிற்சியும், ஒரே ஒரு வெற்றியும் மருந்து. ஒதுங்கிய சுபாவத்துக்கு மருந்தே வேண்டாம்; அது நோயல்ல, விட்டுவிடலாம். உண்மையான அடக்கத்தைக் கண்டால் கும்பிடலாம். பிகுவைக் கண்டால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆறையும் ஒரே பெயரால் அழைக்கிற சமூகம், கூச்சப்படுகிறவளைக் கும்பிட்டுவிட்டு, ஒதுங்கி இருக்கிறவளுக்கு வைத்தியம் பார்க்கும். நம் நாட்டில் நடந்துகொண்டிருப்பது இதுதான்.

கதை படிக்கிற வாசகர்களுக்கு இதை விளக்க நான் சிரமப்பட வேண்டியதில்லை. ஜேன் ஆஸ்டின் 1813-இல் வெளியிட்ட 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவல் முழுவதும் இந்தப் பெயர்க் குழப்பத்தின்மேல்தான் நிற்கிறது. டார்ஸி புதியவர்களோடு கலகலப்பாகப் பேசத் தெரியாதவன். கர்வமும் கொஞ்சம் உண்டு. ஊரார் இரண்டையும் சேர்த்து முழுக் கர்வி என்று தீர்ப்பெழுதி விடுகிறார்கள். ஜேன் என்ற பெண் தன் அன்பை வெளிக்காட்டாமல் இருக்கிறாள். டார்ஸி அதை அன்பே இல்லாமை என்று எடுத்துக்கொள்கிறான். அவன் நண்பன் பிங்லிக்குத் தன் தீர்ப்பின்மேல் தனக்கே நம்பிக்கை இல்லை. ஆகவே நண்பன் சொன்னதை நம்பிக் காதலியைவிட்டுப் போகிறான். மௌனம் ஒன்றுதான், காரணங்கள் வெவ்வேறு. ஒவ்வொன்றையும் பிரித்துப் பெயர் சொல்லத் தெரிந்த பிறகுதான் கதை சுபமாக முடிகிறது. அடுத்த வருஷமே அந்த அம்மாள் 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' நாவலில் ஃபேனி பிரைஸ் என்ற பெண்ணைப் படைத்தார். வீட்டில் யார் அதட்டினாலும் நடுங்குகிறவள் அவள். ஆனால் தான் மதிக்காத பணக்காரனை மணந்துகொள்ளச் சொல்லி வீடே நெருக்கும்போது, அழுதுகொண்டே மாட்டேன் என்கிறாள். நடுக்கம் வேறு, உறுதியின்மை வேறு என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. நம் தொடர்கதைகளிலோ கதாநாயகி அடக்கமானவள் என்றால், கடைசி அத்தியாயம்வரை கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பவள் என்றுதான் அர்த்தம்.

இந்த இடத்தில் சில ஆங்கில பக்தர்கள் எழுந்து, "பார்த்தீர்களா, தமிழில் இந்த நுட்பத்துக்கெல்லாம் சொல் ஏது?" என்பார்கள். அவர்கள் உட்காரலாம். குறை தமிழில் இல்லை. அதைப் பேசுகிற நம்மிடம் இருக்கிறது.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைச் சொன்னபின் வேறு முப்பத்திரண்டையும் அடுக்குகிறார். அந்த முப்பத்திரண்டில் அடக்கம் தனி, நாணுதல் தனி, வெருவுதல் தனி. மூன்றும் ஒன்றென்று அவர் நினைத்திருந்தால் மூன்று இடம் கொடுத்திருக்கமாட்டார். அதே இயலில், பெருமிதம் பிறக்கும் நான்கு இடங்களில் முதலாவதாகக் கல்வியைச் சொல்கிறார். படித்தவனுக்குப் பெருமிதமும் இயல்பு, அடக்கமும் இயல்பு. இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கலாம் என்பது அவர் கணக்கு. அச்சம் எதனால் வரும் என்பதற்கும் நான்கு காரணம் காட்டுகிறார்: தெய்வம், கொடிய விலங்கு, கள்வர், இறை. நம் பெண்ணுக்கு இன்டர்வியூ மேஜைக்குப் பின்னால் இருக்கிற அதிகாரி இந்த நான்கில் எதுவாகத் தெரிகிறார் என்று அவளைத்தான் கேட்க வேண்டும்.

திருக்குறளைப் பாருங்கள். பதின்மூன்றாவது அதிகாரம் அடக்கமுடைமை. அதில் பேசப்படுவது ஐம்பொறிகளை ஆள்வதும் நாவைக் காப்பதும். தன் நிலை மாறாமல் அடங்கியிருப்பவனின் தோற்றத்தை மலையைவிடப் பெரிதென்கிறார் வள்ளுவர். கூனிக் குறுகி நிற்பவனைப் பார்த்து யாராவது மலை என்பார்களா? நூற்றிரண்டாவது அதிகாரம் நாணுடைமை. அதன் முதற்குறளிலேயே, இழிந்த செயலுக்கு வெட்கப்படும் நாணம் வேறு, மகளிர்க்கு இயல்பான நாணம் வேறு என்று பிரித்துவிடுகிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, எழுபத்து மூன்றாவது அதிகாரம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் அவையஞ்சாமை! படித்திருந்தும் சபைக்கு அஞ்சுகிறவர்களை அதில் அவர் கேலி செய்யும் கடுமையைப் பார்த்தால், அடக்கத்தைப் போற்றிய மனிதர்தாமா இவர் என்று தோன்றும். அதே மனிதர்தாம். அடக்கமுடைமை எழுதிய கையே அவையஞ்சாமையும் எழுதியது. நாம் முதல் அதிகாரத்தைப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, மற்றதைப் பையனுக்கு என்று எடுத்து வைத்துவிட்டோம்.

இதற்குப் பழைய ஆதாரம் உண்டு என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். அச்சம், நாணம், மடம் மூன்றையும் பெண்ணுக்குரியவை என்று தொல்காப்பியரே களவியலில் சொல்லவில்லையா என்பார்கள். சொன்னார். காதல் அரும்புகிற வேளையில் ஒரு பெண்ணின் மனநிலையைப் பற்றிச் சொன்னார். களவு ஒழுக்கத்துக்குச் சொன்னதைக் கல்லூரிக்கும், கடைத்தெருவுக்கும், கச்சேரிக்கும் நீட்டச் சொல்லி அவர் நம்மைக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆங்கிலத்திலும் ஓட்டை இல்லாமல் இல்லை. 1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354-ஆவது பிரிவு, பெண்ணின் 'மாடஸ்டி'க்குக் கேடு விளைவிக்கும் நோக்கத்தோடு அவள்மேல் பலாத்காரம் செய்வதைக் குற்றம் என்றது. பஞ்சாபில் ஏழரை மாதப் பெண் குழந்தைக்கு ஒருவன் இழைத்த கொடுமை பற்றிய வழக்கு 1966-இல் சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. ஏழரை மாதக் குழந்தைக்கு 'மாடஸ்டி' உண்டா என்று அங்கே வாதம் நடந்தது! மூன்று நீதிபதிகளில் இருவர், பெண்ணாகப் பிறந்த எந்த உயிருக்கும் அது உண்டு என்று தீர்ப்பளித்தார்கள். தலைமை நீதிபதி சர்க்கார் உடன்படவில்லை. இவ்வளவு தொல்லைக்கும் காரணம் என்ன? 'மாடஸ்டி' என்ற ஒரே சொல்லுக்குள் நாணமும் மானமும் சேர்ந்து கிடப்பதுதான். நாணம் ஓர் உணர்ச்சி. அது குழந்தைக்குத் தெரியாது. மானம் பிறப்பிலேயே வருவது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அவசியமே இல்லை. தமிழில் 'மானபங்கம்' என்று சொன்னபோது நம்மவர்கள் ஒரு நொடியில் வழக்கைத் தீர்த்துவிட்டார்கள். 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 74-ஆவது பிரிவிலும் அதே 'மாடஸ்டி' உட்கார்ந்திருக்கிறது.

1954 நவம்பர் முதல் தேதி வரை கிருமாம்பாக்கத்தை ஆண்ட பிரெஞ்சுக்காரன்கூட இதில் தெளிவாக இருந்தான். உடலும் மானமும் பற்றிய கூச்சத்துக்கு 'புய்தேர்' என்று ஒரு சொல். பெருமை அடித்துக்கொள்ளாத குணத்துக்கு 'மொதெஸ்தீ' என்று ஒரு சொல். பயந்த சுபாவத்துக்குத் 'திமிதித்தே' என்று மற்றொரு சொல். அவனுடைய பழைய தண்டனைச் சட்டத்தில் இந்த இடத்தில் வருவது 'புய்தேர்'. அவன் போய், ஆங்கிலம் வந்தது. தமிழ் எப்போதும் இருந்தது. மூன்று மொழிகளின் செல்வத்தையும் கையில் வைத்துக்கொண்டு ஒற்றைச் சொல்லில் காலம் தள்ளுகிற ஊர்கள் நம்முடையவை!

கல்யாண விளம்பரங்களிலோ அந்த ஒற்றைச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஒரு தங்கை இருக்கிறாள்: 'ஹோம்லி'. குடும்பப்பாங்கான, அடக்கமான பெண் என்று நினைத்துப் போடுகிறோம். அமெரிக்காவில் இருக்கும் மாப்பிள்ளையின் நண்பர்கள் அதைப் படித்தால், பெண் பார்க்கச் சுமார்தான் என்று பெற்றோரே ஒப்புக்கொள்வதாக எடுத்துக்கொள்வார்கள். அங்கே அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள்.

"அப்படியானால் எல்லாப் பெண்களும் மேடையேறி முழங்க வேண்டும் என்கிறீரா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இல்லை. பேச்சு குறைந்த சுபாவம் ஒரு குறையே அல்ல. மனம் உள்முகமாகத் திரும்பியவர்கள், வெளிமுகமாகத் திரும்பியவர்கள் என்று மனிதரை வகைப்படுத்தி 1921-இல் புத்தகம் எழுதிய கார்ல் யுங், ஒன்றை உயர்ந்ததென்றும் மற்றதைத் தாழ்ந்ததென்றும் சொல்லவில்லை. வாதம், பித்தம், கபம் என்று உடம்பின் வாகைப் பிரித்த நம் வைத்தியர்களும் அப்படிச் சொல்லவில்லை. கம்பெனி அதிகாரிகள்தாம் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வாயாடுகிறவன் கெட்டிக்காரன், வாய் மூடியிருப்பவன் மண்டு என்ற அவர்கள் கணக்கும், தலை குனிந்தவள் குணவதி என்ற மாமியார் கணக்கும் ஒரே நாணயத்தின் இரண்டு முகங்கள்.

அடக்கத்தை அறிவதற்கு எளிய வழி ஒன்று உண்டு. அடக்குவதற்கு உள்ளே ஏதாவது இருக்கவேண்டும். பாகூர் ஏரி நிறைந்திருக்கும்போது கரைக்குள் நிற்கிறதே, அது அடக்கம். வேண்டிய நாளில் மதகைத் திறந்தால் தண்ணீர் வயலுக்குப் பாயும். கோடையில் வறண்டு வெடித்துக் கிடக்கும் ஏரியைப் பார்த்து, "எவ்வளவு அடக்கமான ஏரி!" என்று எந்த உழவனாவது சொல்வானா? தண்ணீர் இருந்தும் மதகு துருப்பிடித்துத் திறக்காமல் போனால் மெச்சுவானா? கம்மியனைத்தான் கூப்பிடுவான்.

இது வெறும் சொல்லாராய்ச்சி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நம் நாட்டில் மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களில் பலர், நோய் முற்றிய பிறகே மருத்துவரிடம் வருகிறார்கள். வறுமை, தூரம், அறியாமை என்று அதற்குக் காரணங்கள் பல உண்டு. கூச்சமும் அவற்றில் ஒன்று. வீட்டு வாசலில் பஸ் நிற்கும். அது மருத்துவமனை வாசலிலேயே இறக்கிவிடும். ஆனாலும் மாதக்கணக்கில் அவள் யாரிடமும் சொல்லமாட்டாள். டாக்டர் கேட்டால்கூட, "ஒன்றுமில்லைங்க" என்பாள். "எங்க மருமக வாயே திறக்கமாட்டா, அவ்வளவு அடக்கம்" என்று கட்டிலருகே ஒருத்தி பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பாள். அந்தப் பாராட்டைக் கேட்டுக் கேட்டுத்தான் அவள் வாய் மூடிப் பழகியது. கூச்சத்தைக் கூச்சம் என்று ஒருவர் அன்போடு பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால், ஆறு மாதத்துக்கு முன்னால் பஸ் ஏறியிருப்பாள்.

ஆகவே, ஒரு பெண்ணையோ பையனையோ பார்த்து 'அடக்கம்' என்று சொல்ல நா எழும்போது, ஒரே ஒரு கேள்வியை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: பேசமுடிந்தும் பேசாமல் இருக்கிறாளா, பேசமுடியாமல் இருக்கிறாளா? முதலாவது என்றால் தாராளமாகப் பாராட்டுங்கள். இரண்டாவது என்றால் பாராட்டை நிறுத்திக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து, அவள் பேசும்வரை காத்திருங்கள்.